குறைந்த செலவில் பெரிய டிவி: பெங்களூரில் வாங்கப்போகிறவர்களுக்கு

பெரிய டிவி வாங்கக் கிளம்பும் குடும்பம் கடையில் முதலில் கேட்பது, "ஐம்பதாயிரத்துக்குள்ள எத்தனை இன்ச் வரும்?" என்பதுதான். இப்படிக் கேட்டால், அந்தப் பணத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய திரையை விற்பனையாளர் காட்டுவார். அந்தத் திரைக்குள் இருந்து படத்தை உருவாக்கிக் காட்டும் பேனல் எப்படிப்பட்டது, பழுதானால் யார் வந்து பார்ப்பார்கள், நம் வீட்டில் ஓடும் சேனல்கள் அதில் எப்படித் தெரியும் என்பதெல்லாம் பேச்சிலேயே வராமல் போய்விடும். செலவுக்குக் கணக்குப் பார்த்து வாங்குகிறவர்கள் வேறு ஒரு கணக்கிலிருந்து தொடங்குவது நல்லது. ஒரு டிவியில் எவற்றைப் பிற்பாடு மாற்றவே முடியாதோ அவற்றுக்கு இப்போது பணம் கொடுக்க வேண்டும். எவற்றைப் பிறகு சேர்த்துக்கொள்ள முடியுமோ அவற்றுக்காக இப்போது கூடுதலாக எதுவும் கொடுக்கத் தேவையில்லை.

பேனலை மாற்ற முடியாது. உடைந்த பேனலுக்குப் புதிது போட ஆகும் செலவு பெரும்பாலும் புது டிவியின் விலையை நெருங்கிவிடும். செட்டாப் பாக்ஸ் போன்றவற்றின் கம்பியைச் செருகும் எச்.டி.எம்.ஐ. துளைகளின் எண்ணிக்கையையும் கூட்ட முடியாது. ஆனால் ஒலி போதவில்லை என்றால் அடுத்த ஆண்டு ஒரு சவுண்ட்பார் வாங்கிக்கொள்ளலாம். டிவியின் மென்பொருள் மூன்று நான்கு ஆண்டுகளில் மந்தமானால், சில ஆயிரம் ரூபாய்க்கு, இணையப் படங்களை ஓட்டும் சிறு கருவியான ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றைச் செருகி அந்தக் குறையைத் தீர்த்துவிடலாம். ஆகவே "ஏ.ஐ. வசதி", "தியேட்டர் சவுண்ட்", "குரலால் இயக்கலாம்" என்று அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பவற்றுக்காக விலையை ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

சுவரை அளந்துவிட்டுக் கிளம்புங்கள்

டிவியின் அளவு என்று சொல்லப்படுவது திரையின் மூலைவிட்ட நீளம். 43 அங்குலத் திரையின் அகலம் சுமார் 95 சென்டிமீட்டர். 55 அங்குலத்துக்கு 122. 65 அங்குலத்துக்கு 144. 75 அங்குலத்துக்கு 166. இந்த எண்களை எழுதிக்கொண்டு, செய்தித்தாளைச் சுவரில் அந்த அகலத்துக்கு ஒட்டிப் பார்த்தால், கடையின் உயரமான கூரைக்குக் கீழே சிறியதாகத் தெரியும் 65 அங்குலம் நம் ஹாலில் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்ளும் என்பது வீட்டில் எல்லோருக்கும் விளங்கிவிடும்.

உட்காரும் தூரம் அடுத்தது. 4கே என்ற மிகத் துல்லியமான தரத்தில் வரும் படங்களைப் பார்க்க, மூலைவிட்ட நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் பொதுவாக வசதியானது. 55 அங்குலத்துக்கு அது ஏறத்தாழ 7 அடி. 65 அங்குலத்துக்கு 8 அடிக்குச் சற்றுக் கூடுதல். பெங்களூரின் பழைய பேட்டைகளிலும், மாடி மேல் மாடி கட்டி வாடகைக்கு விடும் கட்டடங்களிலும், சோபாவுக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையில் ஏழெட்டு அடிக்கு மேல் கிடைப்பது அரிது. அந்த இடத்துக்கு 55 அங்குலம் தாராளம் என்பது என் கருத்து. எட்டடியில் 65 அங்குலம் வைக்கலாம், தவறில்லை. ஆனால் அந்த வீட்டில் என்ன ஓடும் என்பதைப் பொறுத்தே அது கண்ணுக்கு இதமாகவோ உறுத்தலாகவோ இருக்கும்.

சுவரில் மாட்டாமல் ஷோகேஸ் மேல் நிறுத்துகிறவர்கள் இன்னொன்றையும் அளக்க வேண்டும். இப்போது வரும் பெரும்பாலான பெரிய டிவிகளுக்கு நடுவில் ஒற்றைத் தாங்கி இல்லை. இரு கோடிகளுக்கு அருகே இரண்டு கால்கள் இருக்கின்றன. நான்கடி அகலமுள்ள திரையின் கால்கள் மூன்றடி மேசையில் நிற்காது. இரு கால்களுக்கும் இடையிலுள்ள தூரம் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இருக்கும்.

உங்கள் வீட்டில் ஓடப்போவது எது

பெரிய டிவி வாங்கிய பிறகு தமிழ்க் குடும்பங்களில் அதிகம் கேட்கும் குறை, "படம் மங்கலா இருக்கு" என்பது. டிவி கெட்டுப்போயிருக்காது. செட்டாப் பாக்ஸ் வழியாக வரும் சாதாரணத் தரச் சேனலில் அதிகபட்சம் 720 க்கு 576 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ நான்கு லட்சத்துப் பதினைந்தாயிரம் புள்ளிகள்தான் இருக்கின்றன. 4கே திரையிலோ 3840 க்கு 2160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். வந்து சேரும் ஒவ்வொரு புள்ளியையும் வைத்துக்கொண்டு இருபது புள்ளிகளை டிவியே ஊகித்து நிரப்ப வேண்டியிருக்கிறது. இந்த வேலையை நன்றாகச் செய்யும் பிராசசர் உள்ள டிவியில் மாலை நேரத் தொடர் பார்க்கத் தகுந்ததாக இருக்கும். மலிவான பிராசசர் உள்ள டிவியில் முகங்கள் மெழுகு பூசியதுபோலவும், கீழே ஓடும் செய்தி வரியின் எழுத்து விளிம்புகள் பிசிறடித்தும் தெரியும். திரை பெரிதாகப் பெரிதாக இந்தக் குறையும் பெரிதாகும்.

ஆகவே வீட்டில் பாட்டியும் அம்மாவும் நாள் முழுவதும் சாதாரணத் தரச் சேனல்களையும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களையும் பார்க்கிறார்கள் என்றால், அதே பணத்தில் கிடைக்கும் பெயர் தெரியாத 65 அங்குலத்தைவிட, படத்தைத் திருத்தித் தரும் திறமையில் நல்ல பெயர் எடுத்த நிறுவனத்தின் 50 அல்லது 55 அங்குலம் பல மடங்கு மேலானது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூடவே, அடிக்கடி பார்க்கும் நாலைந்து சேனல்களையாவது எச்.டி. சந்தாவுக்கு மாற்றிவிடுங்கள், அந்தச் சிறு தொகை படத்தில் உண்டாக்கும் முன்னேற்றத்தை, டிவிக்கு மேலும் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தாலும் பெற முடியாது. பாக்ஸ் எச்.டி. ஆக இருந்தும், பழைய மூன்று வண்ண ஏ.வி. கம்பியில் இணைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை எச்.டி.எம்.ஐ. கம்பியாக மாற்ற வேண்டும்.

ஓடிடி பார்ப்பவர்கள் சந்தாவையும் இணைய வேகத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸில் 4கே தரம் பிரீமியம் சந்தாவில் மட்டுமே கிடைக்கிறது. அதற்கு 15 எம்.பி.பி.எஸ். வேகம் வேண்டும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது.

பேனலைப் பற்றிக் கொஞ்சம் பொறுமையாக

ஐம்பதாயிரத்தைச் சுற்றிய விலையில் கிடைக்கும் பெரிய டிவிகள் அநேகமாக எல்லாமே பின்னாலிருந்து எல்.இ.டி. விளக்கு ஒளியூட்டும் எல்.சி.டி. திரைகள்தான். கியூ.எல்.இ.டி. என்பதும் அதே குடும்பம். விளக்குக்கும் திரைக்கும் நடுவே குவாண்டம் டாட் படலம் ஒன்றைச் சேர்ப்பதால் வண்ணங்கள் கூடுதல் செறிவோடு தெரிகின்றன. ஓ.எல்.இ.டி. முற்றிலும் வேறானது, அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடும், விலையும் நம் கணக்குக்கு எட்டாது. பெயர்கள் ஒன்றுபோல ஒலிப்பதால் இரண்டும் ஒன்றென்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மினி எல்.இ.டி. என்பது பின்விளக்கைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, இருள் வேண்டிய இடத்தில் மட்டும் மங்கச் செய்யும் முறை. சலுகைக் காலத்தில் உங்கள் பணத்துக்குள் அது வந்துவிட்டால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

எல்.சி.டி. திரைகளுக்குள்ளேயே வி.ஏ., ஐ.பி.எஸ். என்று இரு முக்கிய வகைகள் உண்டு. வி.ஏ. பேனலில் கறுப்பு நல்ல கறுப்பாகத் தெரியும். விளக்கை அணைத்துவிட்டு இரவில் படம் பார்க்கிறவர்களுக்கு அதுவே ஏற்றது. ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வண்ணம் வெளிறிவிடும். ஐ.பி.எஸ். பேனலில் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கும் வண்ணம் மாறாது; இருட்டறையிலோ கறுப்பு சாம்பல் நிறமாகத் தெரியும். நம் வீடுகளில் எல்லோரும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்து பார்ப்பதில்லை. ஒருவர் பாய் விரித்துத் தரையில் படுத்திருப்பார். ஒருவர் சாப்பாட்டு மேசையிலிருந்து எட்டிப் பார்ப்பார். சமையலறை வாசலில் நின்றபடி ஒருவர் பார்ப்பார். அப்படிப்பட்ட ஹாலுக்கு ஐ.பி.எஸ். பொருந்தும். இருவர் மட்டும் நேர் எதிரே உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு வி.ஏ. நல்லது. விவரக் குறிப்பில் இந்த வகையைப் பல நிறுவனங்கள் போடுவதே இல்லை. கடையில் திரைக்கு முன் நின்று, பிறகு பக்கவாட்டில் நான்கைந்து அடி நகர்ந்து, பிறகு குந்தி உட்கார்ந்து பார்த்தால் கண்ணே சொல்லிவிடும்.

வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் எச்.டி.ஆர்., டால்பி விஷன் ஆகிய முத்திரைகளுக்காகப் பணம் கூட்டிக் கொடுக்க வேண்டாம். அந்த வடிவத்தில் வரும் படத்தை வாங்கிக்கொள்ள டிவிக்குத் தெரியும் என்பதே முத்திரையின் பொருள். அதைப் பிரகாசமாகக் காட்ட 600 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவிலாவது ஒளி வேண்டும், மலிவு டிவிகள் பெரும்பாலும் 250 முதல் 350 நிட்ஸுக்குள் நின்றுவிடுகின்றன. திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதைக் குறிக்கும் ரிஃப்ரெஷ் ரேட்டிலும் இதேபோல் கவனம் வேண்டும்: "மோஷன் ரேட் 120" என்று ஏதாவது ஒரு பெயரோடு போட்டிருந்தால் பேனல் அநேகமாக 60 ஹெர்ட்ஸ்தான். சீரியலுக்கும் சினிமாவுக்கும் 60 போதும். புதிய கேம் கன்சோல் வைத்திருக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகள் மட்டும் உண்மையான 120 ஹெர்ட்ஸ் பேனலையும் எச்.டி.எம்.ஐ. 2.1 துளையையும் தேடினால் போதும்.

எச்.டி.எம்.ஐ. துளைகள் மூன்று இருக்கட்டும். அவற்றுள் ஒன்றில் ஏ.ஆர்.சி. அல்லது இ.ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்க வேண்டும், பின்னாளில் சவுண்ட்பார் இணைக்க அதுதான் வழி. டிவி தடுமாறாமல் இயங்க உதவும் ராம் நினைவகம் 2 ஜி.பி.க்குக் குறையக் கூடாது.

கடைக்குப் போனால்

இணையத்தில்தான் வாங்கப்போகிறோம் என்றாலும் ஒருமுறை கடையில் போய்ப் பார்த்துவிடுங்கள். கிரியாஸ், பை இன்டர்நேஷனல், ஆதீஸ்வர் போன்ற உள்ளூர்ச் சங்கிலிக் கடைகளும் குரோமா, ரிலையன்ஸ் டிஜிட்டல் போன்றவையும் நகரின் பல பகுதிகளில் இருக்கின்றன; பல கடைகளில் தமிழ் பேசும் ஊழியர் ஒருவராவது இருப்பார். வார நாளில் முற்பகலில் போனால் நிதானமாகப் பார்க்க விடுவார்கள்.

காட்சிக்கு வைத்திருக்கும் டிவிகள் ஸ்டோர் மோடு என்ற அமைப்பில், ஒளியும் வண்ணமும் உச்சத்தில், அதற்கென்றே எடுத்த 4கே காட்சிகளை ஓட்டிக்கொண்டிருக்கும். மலர்களும் கடலும் மின்னும் அந்தக் காட்சியில் எல்லா டிவியும் அழகுதான். "அண்ணா, இதை ஹோம் மோடுல போடுங்க, ஸ்டாண்டர்ட் பிக்சர் வைங்க" என்று கேளுங்கள். பிறகு வீட்டிலிருந்து கொண்டுபோன பென் டிரைவைக் கொடுங்கள். அதில் மூன்று துணுக்குகள் இருந்தால் போதும்: சாதாரணத் தரத்திலுள்ள ஒரு பழைய தமிழ்ப் பாடல் காட்சி, இரவுக் காட்சி நிறைந்த ஒரு படத்தின் சில நிமிடங்கள், கிரிக்கெட் ஆட்டத்தில் பந்து எல்லைக்கோட்டை நோக்கி ஓடும் ஒரு துண்டு. முதலாவதில் முகத்தையும் எழுத்துகளையும் கவனியுங்கள். இரண்டாவதில் நடிகரின் கருப்பு உடையின் மடிப்புகள் தெரிகின்றனவா, திரையின் மூலைகளில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். மூன்றாவதில் கேமரா நகரும்போது பச்சைப் புல்வெளியில் அழுக்குக் கோடுகள் போலத் திட்டுகள் ஊர்கின்றனவா என்று பாருங்கள். பின்விளக்கு சீராக இல்லாத பேனலை இது காட்டிக்கொடுத்துவிடும். பென் டிரைவைப் போட மறுக்கும் கடையில் வாங்காமல் திரும்பிவிடுவது நல்லது.

மாடல் எண்ணை முழுமையாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தொடரில், ஒரே தோற்றத்தில், கடைசி ஓரெழுத்து மட்டும் மாறி, பேனலோ துளைகளோ வேறாக இருக்கும் மாடல்கள் உண்டு. இணையத்தில் மட்டும் விற்கும் மாடல்களும் உண்டு. விலை ஒப்பிடும்போது எண் முழுதும் பொருந்த வேண்டும். இரண்டு டிவிகளுக்கிடையே தயங்கினால், மின்சிக்கனத்தைக் காட்டும் பி.இ.இ. நட்சத்திர அட்டையில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். 120 வாட் டிவி நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் மாதம் 18 யூனிட் ஆகிறது.

காட்சிக்கு வைத்திருந்த டிவியைக் குறைத்துத் தருவதாகச் சொன்னால், அது நாள் முழுதும் உச்ச ஒளியில் ஓடியது என்பதை நினைவில் வையுங்கள். மலிவு டிவிகளில் முதலில் பழுதாவது பின்விளக்குப் பட்டைகள்தான். கால்வாசியாவது விலை குறைந்து, முழு உத்தரவாதமும் இன்றைய தேதியிலிருந்து எழுத்தில் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

விலையும் தவணையும்

32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரிக்கு முன் 40,000 ரூபாயாக இருந்த டிவி 51,200இலிருந்து 47,200க்கு வந்தது. அதற்கு முந்தைய அதிகபட்ச விலையைக் காட்டி "இவ்வளவு தள்ளுபடி" என்று யாராவது சொன்னால், அதில் வரிக் குறைப்பால் தானாகவே குறைந்த பங்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

ஆடி மாதத்தில் ஓசூர் போய் வாங்கி வரலாமா என்று நம்மவர்கள் பலர் யோசிப்பதுண்டு. ஜி.எஸ்.டி. தொடங்கிய 2017 ஜூலை 1க்குப் பிறகு கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் வரி ஒன்றே. கடை தரும் தள்ளுபடியில் வேறுபாடு இருக்கலாம். வண்டி வாடகை, பொருத்துவதற்குப் பெங்களூருக்கு ஆள் வருவாரா என்ற கேள்வி இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் லாபம் பெரும்பாலும் கரைந்துவிடும். நல்ல விலை கிடைக்கும் காலம் என்று பார்த்தால், ஆயுத பூஜையிலிருந்து தீபாவளி வரையிலான வாரங்களும் ஜனவரியில் குடியரசு தினத்தை ஒட்டிய நாட்களும் முதன்மையானவை. புதிய ஆண்டு மாடல்கள் கோடையில் இறங்கும்போது சென்ற ஆண்டு மாடல்களைக் கழிக்கும் கடைகளும் உண்டு. மலிவு டிவிகளில் ஓராண்டு வித்தியாசத்தால் நாம் இழப்பது மிகக் குறைவு.

வட்டியில்லாத் தவணை என்ற பெயரில் வருவதை முழுக் கணக்கோடு பாருங்கள். வட்டி இல்லாத கடன் என்பது கிடையாது. வட்டி வேறெங்கோ மறைந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2013இலேயே எச்சரித்தது. கிரெடிட் கார்டில் இத்திட்டத்தை எடுத்தால், வட்டிக்குச் சமமான தொகை விலையில் கழிக்கப்பட்டாலும், அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் வங்கியின் செயல்முறைக் கட்டணமும் தனியாக வரும். சில சமயம் தவணைக்குப் போனால் உடனடித் தள்ளுபடி கிடைக்காமலும் போகும். மொத்தமாக எவ்வளவு கையைவிட்டுப் போகிறது என்று கூட்டி, ரொக்க விலையோடு ஒப்பிட்டபின் முடிவெடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய மிக முக்கியமான வேலை, அந்த நிறுவனத்தின் சேவை எண்ணுக்கு அழைத்து உங்கள் அஞ்சல் குறியீட்டைச் சொல்லி, அந்தப் பகுதிக்கு ஆள் வருவாரா என்று கேட்பது. குறைந்த விலைக்கு வரும் பெயர்களுக்கும் மற்றவற்றுக்கும் உண்மையான வேறுபாடு இங்கேதான் தெரியும். உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பேனலுக்குத் தனியாக எவ்வளவு என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். கூடுதல் உத்தரவாதம் வாங்கினால் அது தயாரிப்பாளர் தருவதா, கடை தருவதா என்று ரசீதில் தெளிவாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வரும்போது

பெரிய டிவியைப் படுக்க வைத்து எடுத்துவரக் கூடாது. பெட்டி நின்றபடியே வர வேண்டும். ஆட்டோவில் சாய்த்துச் செருகி மழைக்கால ரோட்டுக் குழிகளில் ஏற்றி இறக்கினால் பேனல் உள்ளுக்குள் விரிசல் விடும், அதை உத்தரவாதம் ஏற்காது. கடையே அனுப்பினால் நல்லது. இல்லையென்றால் குட்டி யானை ஒன்றைப் பிடித்து, பெட்டியைப் பக்கவாட்டில் கயிறு போட்டுக் கட்டி, ஒருவர் உடன் பிடித்துக்கொண்டு வர வேண்டும். 65 அங்குலப் பெட்டி சிறிய லிஃப்டுக்குள் நுழையாது. படிக்கட்டின் திருப்பத்தையும் முன்கூட்டியே அளந்து வையுங்கள்.

பெட்டியைத் திறக்கும் நேரம் முழுவதையும் கைபேசியில் இடைவெட்டு இல்லாமல் படம் பிடியுங்கள். வெளிப்பெட்டியின் மூலைகள், சீல், வரிசை எண், பிறகு திரையை இயக்கி வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாக முழுத் திரையில் ஓடவிட்டுக் காட்டுவது வரை அதில் இருக்கட்டும். திறந்து காட்டும் டெலிவரி என்றால் திரை ஒளிர்வதைப் பார்த்த பிறகே ஓ.டி.பி. சொல்லுங்கள். பொருத்துவதற்கு நிறுவனத்தின் ஆள் வந்துதான் பெட்டியைத் திறக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், அதுவரை கை வைக்காதீர்கள்.

வாடகை வீட்டில் சுவரைத் துளைப்பதற்கு முன் வீட்டு உரிமையாளரிடம் சொல்லி, முடிந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். காலி செய்யும் நாளில் அட்வான்ஸில் கழிப்பது பற்றிய சண்டை அதோடு நின்றுவிடும். திரையின் நடுப்பகுதி, உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கு, தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றரை அடிக்கு வந்தால் கழுத்து வலிக்காது. தனியாக மவுண்ட் வாங்குவதாக இருந்தால் டிவியின் முதுகிலுள்ள திருகு துளைகளின் இடைவெளியை மில்லிமீட்டரில் குறித்துக்கொண்டு போனால், மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அங்கேயே நல்ல ஸ்பைக் கார்டு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதைய டிவிகள் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தைப் பெருமளவு தாங்கும் என்பதால் ஸ்டெபிலைசர் பெரும்பாலும் வேண்டியதில்லை. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரில் மாலை இடி மழை தொடங்கியதும், மின் பிளக்கோடு டிஷ் கம்பியையும் கழற்றி வைப்பது அவசியம். அந்தக் கம்பி வழியாகவும் மின்னல் தாக்கும்.

முதல் வாரத்தில் டிவியை வழக்கத்தைவிடக் கூடுதலாகவே ஓட்டுங்கள், குறை இருந்தால் அப்போதே வெளிப்படட்டும். பின்விளக்கின் ஒளியைப் பாதியளவுக்குக் குறைத்து வைத்தால் இரவுக்கு அதுவே போதும், பட்டைகளும் நெடுநாள் உழைக்கும். குறை ஏதாவது தெரிந்தால் திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்குங்கள். கடையோ நிறுவனமோ இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்து, ரசீது, வரிசை எண், பெட்டி திறந்த படம் ஆகிய மூன்றும் கையில் இருக்கின்றன என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள்.